தெளிப்பான் கழுவிய நீர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பவை அல்ல. எனினும் தமிழ்நாட்டிலிருந்து செல்பவருக்கு இரண்டும் வாயில்களாகும். பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகச் சென்றால் முதலமடையின் மாந்தோப்புகள் தொடங்குகின்றன. கம்பத்திலிருந்து குமுளிக்கோ, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கோ ஏறினால் ஏலமலைத் தோட்டங்கள் எதிர்ப்படுகின்றன. தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து காலையில் ஜீப்புகளில் மலையேறி, மாலையில் இறங்கி வரும் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர். இந்த இரண்டு பகுதிகளும் தத்தம் விளைபொருளால் நாடெங்கும் புகழ் பெற்றவை. பூச்சிக்கொல்லி மருந்தை மிகுதியாக நம்பியிருப்பவையும் இவையே. மாம்பூவைத் தத்துப்பூச்சியிடமிருந்தும், ஏலக்காயை இலைப்பேனிடமிருந்தும் காய்த்துளைப்பானிடமிருந்தும் காப்பாற்றத் தோட்டக்காரர் மருந்து அடிக்கிறார். அடித்து முடித்த பின் நிகழ்வதைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன்.

மாலையில் வேலை முடிந்ததும் தெளிப்பானையும், மருந்து கலக்கிய பீப்பாயையும், குழாயையும் கழுவ வேண்டும். கழுவ நீர் வேண்டும். நீர் இருக்கும் இடம் ஓடைக்கரை. ஆகவே கழுவுவது ஓடைக்கரையில், கழுவிய நீர் போவது ஓடையில். இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. கழுவுவதற்கு வேறு இடம் அமைத்துத் தரப்படாததே காரணம். ஏலமலை ஓடைகளிற் பெரும்பாலானவை பெரியாற்றில் சேர்கின்றன. அந்த ஆற்றின் நீரைத்தான் கீழே ஆலுவாயில் இறைத்துக் கொச்சி நகருக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். முதலமடையின் ஓடைகள் மீன்கரை, சுள்ளியாறு நீர்த்தேக்கங்களைக் கடந்து காயத்திரிப்புழையாகிப் பாரதப்புழையை அடைகின்றன.

ஓடையில் விழும் ஒரு லிட்டர் எச்சம் எவ்வளவு பெரிய செய்தி என்று சிலர் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஏலப் பயிருக்குப் பரிந்துரைக்கப்பட்டு வந்துள்ள குவினால்ஃபாஸ் என்னும் மருந்தின் தெளிப்புக் கலவை 0.025 சதவிகிதம். அதாவது ஒரு லிட்டர் கலவையில் 250 மில்லிகிராம் மருந்து உள்ளது. ஐரோப்பிய நாடுகள் குடிநீரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று விதித்துள்ளன. பீப்பாயின் அடியில் மிஞ்சிய அந்த ஒரு லிட்டர், 25 லட்சம் லிட்டர் தூய நீரை அந்த எல்லை வரையில் கொண்டு வரப் போதுமானது. ஓடை ஓடிக்கொண்டே இருக்கிறது, மருந்து நீர்த்துப்போகும் என்பது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தோட்டத்தின் ஒரு லிட்டர் அன்று இது. ஒரு மலைச்சரிவு முழுவதிலும், பருவந்தோறும் பலமுறை திரும்பி வரும் லிட்டர்.

நம் நாட்டின் குடிநீர்த் தரக்கட்டளையான ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டின் திருத்தத்தில், சில பூச்சிக்கொல்லிகளைப் பெயர் சொல்லி வரையறுக்கிறது. எண்டோசல்ஃபானுக்கு லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம், குளோர்பைரிஃபாஸுக்கு 30 மைக்ரோகிராம். குவினால்ஃபாஸின் பெயர் அப்பட்டியலில் இல்லை. மலையில் எது அடிக்கப்படுகிறதோ அதைத் தேடாத பட்டியலால் மலை நீரை அளப்பது எப்படி என்பது என் கேள்வி. மேலும், லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது மனிதனைக் கருதி விதித்த எல்லை. நன்னீரில் வாழும் சிறு உயிர்களைக் காப்பாற்றுவதற்கு அமெரிக்க அரசு குளோர்பைரிஃபாஸுக்கு விதித்துள்ள நீண்டகால எல்லை 0.041 மைக்ரோகிராம் மட்டுமே. ஓடைப் பூச்சிகளும், அவற்றைத் தின்னும் மீன்களும் நமது பட்டியலைப் படித்து வாழ்வதில்லை.

இனி, இத்தகைய நீரைச் சுத்திகரிக்கும் வழி என்ன?

நீரில் கலக்கும் கரிமப் பொருள்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. நெல்லியாம்பதியிலும் இடுக்கியிலும் காப்பிப் பழத்தை உரித்துக் கழுவிய நீரை எடுத்துக்கொள்வோம். அது ஓடையில் விழுந்தால் நாற்றமெடுக்கும், மீன் சாகும், அதன் கேடு சிறிதன்று. ஆயினும் அதில் உள்ளவை சர்க்கரையும் பெக்டினும் போன்றவை. பாக்டீரியாக்களுக்கு அவை விருந்து. தொட்டியில் தேக்கி, உரிய கால அவகாசமும் பிராணவாயுவும் அளித்தால் அவையே தின்று தீர்த்துவிடும். கரிமப் பொருள் அனைத்தையும் ரசாயன முறையில் எரிக்க எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்பது ஓர் அளவு. நுண்ணுயிர்கள் தின்பதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்பது மற்றோர் அளவு. இவ்விரண்டும் நெருங்கியிருந்தால் அந்நீர் நுண்ணுயிர்களின் வசப்படும். இரண்டாவது அளவு முதல் அளவில் மிகச் சிறு பின்னமாக இருந்தால், அந்நீரில் நுண்ணுயிர்கள் தொட மறுக்கும் பொருள் இருக்கிறது என்று அறியலாம். அல்லது அவற்றையே கொல்லும் பொருள் இருக்கிறது. பூச்சிக்கொல்லி கலந்த நீர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

நுண்ணுயிர்களைக் கொண்டு நீரைச் சுத்திகரிக்கும் கலையில் நம் நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. கசடில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைப் பெருக்கிச் சாக்கடை நீரைத் தெளிய வைக்கும் முறையை, எட்வர்ட் ஆர்டெனும் வில்லியம் லாக்கெட்டும் மான்செஸ்டர் நகரில் 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அறிவித்தனர். இன்று உலகின் நகரங்களிற் பெரும்பகுதி அம்முறையால்தான் தன் கழிவு நீரைக் கழுவுகிறது. அந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாக இருந்தவர் கில்பர்ட் ஃபௌலர். அமெரிக்காவின் லாரன்ஸ் நிலையத்தில் 1912-ல் கண்ட ஒரு பரிசோதனையின் நினைவோடு ஊர் திரும்பியவர் அவர். அவர் 1916-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அந்த முறை வெற்றி பெற்றது சாக்கடை நீரில் என்பதை மறக்கலாகாது. சாக்கடையில் இருப்பவை நுண்ணுயிர்கள் கோடானுகோடி ஆண்டுகளாகத் தின்று பழகிய பொருள்கள். பூச்சிக்கொல்லியோ ஆய்வுக்கூடத்தில் பிறந்து ஒரு நூற்றாண்டுகூட முழுதாக ஆகாத புதுப் பொருள்.

ஆனாலும் மண்ணின் நுண்ணுயிர்களைக் குறைத்து மதிப்பிடலாகாது. இந்திய விஞ்ஞானி என். சேதுநாதனும் அவருடைய துணைவர் யோஷிடாவும், பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், டயஸினான் என்னும் மருந்து இடப்பட்டுவந்த நெல் வயலிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1973-ல் அறிவித்தனர். டயஸினானையும் பாரத்தியானையும் உடைப்பது அதன் இயல்பு. மருந்து தொடர்ந்து விழுந்த மண்ணிலேயே, அம்மருந்தை உணவாகக் கொள்ளும் உயிர் தோன்றியிருந்தது. சேதுநாதன் பின்னர் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இன்றும் அந்த பாக்டீரியாவின் நொதிப் பொருளை ஆராய்ந்து வருகின்றன.

அப்படியாயின் எல்லாவற்றையும் நுண்ணுயிர்களிடமே விட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. எண்டோசல்ஃபான் மண்ணில் விழுந்தால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனோடு பிராணவாயுவைச் சேர்த்து எண்டோசல்ஃபான் சல்ஃபேட்டாக மாற்றுகின்றன. அந்தச் சல்ஃபேட்டு மூலப்பொருளுக்குக் குறையாத விஷம். அதைவிட நெடுநாள் நிலைத்து நிற்பது. உயிரியல் முறை வேலை செய்யவில்லை என்று இதைக் கூற முடியாது. வேலை செய்தது, ஆனால் நமக்கு வேண்டாத திசையில் செய்தது. அதே எண்டோசல்ஃபானைக் காரத் தன்மையுள்ள நீரில் வைத்தால் அது நீரால் பிளவுண்டு, விஷம் பெரிதும் குறைந்த டையால் என்னும் பொருளாகிறது. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000-ஆம் ஆண்டு வரை வானிலிருந்து தெளிக்கப்பட்ட இந்த மருந்து, அங்குள்ள மக்களுக்கு விளைத்த துயரத்தை நாடறியும். 2011-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்தியது. முதலமடையின் மாந்தோப்புகளிலும் ஒரு காலத்தில் அது அடிக்கப்பட்டது.

ரசாயன முறைக்கு ஆதரவாகப் பேசுவோர் வேறொரு பக்கம் நிற்கிறார்கள். அவர்களுடைய கையில் இருக்கும் சிறந்த ஆயுதம் ஃபென்டன் கிரியை. எச்.ஜே.எச். ஃபென்டன் என்பவர் 1894-ல், இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்ந்தால் டார்ட்டாரிக் அமிலம் சிதைவதைக் கண்டு எழுதினார். அக்கலவையில் ஹைட்ராக்ஸில் என்னும் மிகக் கொடிய துணுக்கு பிறக்கிறது. எதிர்ப்பட்ட கரிமப் பொருளை எல்லாம் அது தாக்கும். ஆய்வுக்கூடக் குடுவையில் பூச்சிக்கொல்லி சில நிமிடங்களில் மறைவதைப் பார்த்தவர் மகிழ்ந்து போவது இயல்பே. ஆனால் மூலப்பொருள் மறைவது வேறு, தீங்கு மறைவது வேறு. முற்றிலும் கரியமில வாயுவாகவும் நீராகவும் எரிக்க வேண்டுமென்றால் பெராக்ஸைடின் செலவு பன்மடங்காகும். அக்கிரியைக்கு நீரை முதலில் பி.எச். 3 அளவுக்கு அமிலமாக்க வேண்டும். முடிந்தபின் காரம் சேர்த்து இயல்புக்குக் கொண்டுவர வேண்டும். இரும்புச் சேறு தனியே மிஞ்சும். இவ்வளவையும் ஓர் ஏலத் தோட்டத்தின் மூலையில் எவர் செய்வார்?

அரைகுறையாக நிறுத்திவிடலாமா என்றால், அதிலும் அபாயம் உண்டு. ஏலச் செடியின் வேர்ப்புழுவுக்கு ஊற்றப்பட்டு வந்த குளோர்பைரிஃபாஸை எடுத்துக்கொள்வோம். நீரால் அது பிளவுபடும்போது, நரம்பைத் தாக்கும் பாஸ்பரஸ் பகுதி கழன்றுவிடுகிறது. இது பெரிய நன்மை. ஆனால் மிஞ்சுவது மூன்று குளோரின் அணுக்களைச் சுமந்த ஒரு வளையம். தாய்ப் பொருள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் சுபாவமுடையது. இந்த வளையமோ நீரில் எளிதாகக் கரைந்து மண்ணினூடே இறங்கக்கூடியது. நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் குணமும் இதற்கு உண்டு. வெட்டிய மரத்தின் அடிக்கட்டை போல் இது நின்றுவிடுகிறது. அடிக்கட்டையை அகற்ற வேறு கை வேண்டும்.

இந்த இரண்டு முறைகளையும் இணைக்க வேண்டும் என்பது புதிய கருத்தன்று. உலகெங்கும் ஆராய்ச்சி ஏடுகள் இதைப் பற்றி நிறையவே எழுதியுள்ளன. என் கருத்தெல்லாம் இணைப்பின் வரிசையைப் பற்றியதும், இடத்தைப் பற்றியதுமாகும். ரசாயனத்தின் கடமை முடித்து வைப்பதன்று. நுண்ணுயிரால் கடிக்க முடியாத கணுவை வெட்டிக் கொடுப்பது. அதற்கு மேல் அது செய்யும் ஒவ்வொரு வேலையும் வீண் செலவு. அதற்குக் குறைவாகச் செய்தால் விஷத்தை வடிவம் மாற்றி அனுப்புவதாக முடியும். எங்கே நிறுத்துவது என்பதை, மூலப்பொருள் மறைந்ததா என்று பார்த்துத் தீர்மானிக்கலாகாது. அந்த நீரை நுண்ணுயிர்கள் உண்கின்றனவா, சிறு நீர்வாழ் உயிர் ஒன்று அதில் பிழைத்திருக்கிறதா என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கிழக்கே திருப்பூரைப் பார்த்தால் போதும். சாயப்பட்டறைக் கழிவு நீரைத் தெளிய வைக்க முதலில் சுண்ணாம்பையும் இரும்பு சல்ஃபேட்டையும் கொட்டினார்கள். நிறம் ஓரளவு குறைந்தது. ஆனால் ரசாயனச் சேறு மலைபோல் குவிந்தது. சாயத்தில் நுண்ணுயிர்கள் உண்ணக்கூடிய பகுதியும் அச்சேற்றில் சேர்ந்து மண்ணுக்குச் சுமையாயிற்று. நொய்யலாற்றின் நிலை உழவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றது. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பின்னர் அமைந்த நிலையங்கள் பலவற்றில் நுண்ணுயிர்களுக்கு முதலிடம் அளித்து, அவை விட்ட நிறத்தை மட்டும் ஓஸோன் முதலியவற்றால் நீக்கும் வரிசை பின்பற்றப்பட்டது. கவனியுங்கள்: அங்கே நுண்ணுயிர் முதலில், ரசாயனம் பின்னர். கழிவில் பெரும்பகுதி உண்ணத்தக்கதாக இருக்கும்போது அதுவே சரி. தெளிப்பான் கழுவிய நீரில் உண்ணத்தக்கது சிறிது, விஷமே பெரும்பகுதி. ஆகவே இங்கே ரசாயனம் முதலில் வரவேண்டும். எல்லா நீருக்கும் ஒரே வரிசையை எழுதிக் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இடத்தைப் பற்றிக் கூறுகிறேன். மலைப் பகுதிகளுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. சிதறிக் கிடக்கும் சிறு தோட்டங்களின் கழுவு நீரைச் சரிவுகளினூடே குழாய் போட்டு ஓரிடம் சேர்ப்பது நடவாத காரியம். நடந்தாலும், அடர்த்தியாக இருந்த விஷத்தை மழை நீரோடு கலந்து நீர்த்துப்போகச் செய்து, பின்னர் அதைத் தேடிப் பிடிக்கப் பெரும் பொருள் செலவிடுவதாகும். கழுவும் இடத்தில் அது சில லிட்டர். அங்கேயே மடக்கிவிட வேண்டும்.

ஸ்வீடன் நாட்டில் 1993 முதல் இதற்கு ஓர் எளிய ஏற்பாட்டைக் கையாண்டு வருகிறார்கள். தரையில் சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி. அடியில் களிமண். அதன்மேல் கன அளவில் பாதி வைக்கோலும், கால் பங்கு பீட் என்னும் சதுப்பு நிலக் கரிமமும், கால் பங்கு தோட்ட மண்ணும் கலந்து நிரப்பி, மேலே புல் வளர்த்துவிடுகிறார்கள். தெளிப்பானை அதன்மேல் நிறுத்திக் கழுவுகிறார்கள். வைக்கோலை மக்க வைக்கும் வெண்மக்கல் காளான்கள், மரத்தின் லிக்னினை உடைக்கச் சுரக்கும் நொதிகளால் மருந்தையும் சேர்த்து உடைக்கின்றன. லிக்னினை உடைக்கும் நொதி பொருள் பார்த்து வேலை செய்வதன்று. வளையமுள்ள பலவற்றையும் அது தாக்கும். குளோர்பைரிஃபாஸின் அடிக்கட்டையை அகற்ற நாம் தேடிய கை ஏறத்தாழ இதுவே.

நம் மலைகளில் பீட் இல்லை. ஆனால் தென்னைநார்க் கழிவு இருக்கிறது. பொள்ளாச்சி முதல் பாலக்காடு வரையில் கயிற்றுத் தொழிற்கூடங்களின் அருகே அது குன்றாகக் கிடப்பதை அவ்வழிச் செல்வோர் எல்லோரும் பார்த்திருப்பர். லிக்னின் மிகுந்தது, தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடித்து வைப்பது. அதை மக்க வைக்கச் சிப்பிக் காளானைப் பயன்படுத்தும் முறையைக் கயிறு வாரியமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஏற்கெனவே பரப்பியுள்ளன. சிப்பிக் காளானும் வெண்மக்கல் இனத்தைச் சேர்ந்ததே. பச்சை நார்க்கழிவை அப்படியே இடலாகாது. அதிலிருந்து கசியும் டானின் முதலியவை தாமே ஓடையைக் கெடுக்கும். கழுவி, காளானிட்டு, ஓரளவு மக்கிய பின்னரே குழியில் சேர்க்க வேண்டும்.

இதற்கு முன்னே ரசாயனத்தின் பங்கு வேண்டுமே. அதற்கு ஃபென்டன் வேண்டுவதில்லை, சுண்ணாம்பு போதும். ஏலத் தோட்டக்காரருக்குச் சுண்ணாம்பு புதிதன்று. அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை காய்ச்சுவதற்காக நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் அவர் பல தலைமுறையாகக் கரைத்து வருகிறார். குளோர்பைரிஃபாஸ் நடுநிலை நீரில் பாதியாகக் குறைய இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும், பி.எச். 9-ல் சுமார் 16 நாட்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12.4 அளவில் நாட்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கிவிடும். குவினால்ஃபாஸும் காரத்தில் பிளவுபடுவதே. சுண்ணாம்பில் மற்றொரு வசதியும் உண்டு. லிட்டர் நீரில் அது ஒன்றரைக் கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். எவ்வளவு கொட்டினாலும் காரம் அந்த எல்லையைத் தாண்டாது. ஆகவே அளவு கருவி இல்லாதவரும் பிழை செய்ய இடம் குறைவு. கல் சுண்ணாம்பைத் தவிர்த்து நீற்றிய சுண்ணாம்பையே கொடுக்க வேண்டும்; கண்ணில் தெறித்தால் கேடு பெரிது.

கழுவிய நீரை ஒரு பீப்பாயில் சேர்த்து, சுண்ணாம்பிட்டு, நன்றாகக் கலக்கி, இரண்டு மூன்று நாட்கள் மூடி வைக்க வேண்டும். கலக்குவது கட்டாயம்; விற்கப்படும் மருந்து எண்ணெய்த் துளிகளாக நீரில் மிதக்கும் கலவையாதலால், துளிக்குள் ஒளிந்திருக்கும் பகுதியைக் காரம் எளிதில் எட்டாது. பின்னர் அதை நேரே குழியில் ஊற்றிவிடவும் கூடாது. பி.எச். 12-ல் எந்தக் காளானும் பிழைக்காது. பீப்பாயைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு காரத்தை மெல்லக் குறைக்கும். ஏலமலையின் மண் இயல்பாகவே அமிலத் தன்மையுடையது; அந்த மண்ணைச் சிறிது அள்ளிப் பீப்பாயில் இட்டால் இன்னும் விரைவாகக் குறையும். ஆய்வுக்கூடங்கள் இரண்டு முறைகளையும் தனித்தனியே செம்மைப்படுத்திவிட்டு, இடைப்பட்ட இந்தக் கைமாற்றத்தைக் கவனியாமல் விடுவதால்தான் பல இணைப்புத் திட்டங்கள் தோற்றுவிடுகின்றன என்பது என் எண்ணம்.

இதன் குறைகளையும் மறைக்கலாகாது. போர்டோ கலவை கழுவிய நீரை இக்குழியில் ஒருபோதும் விடக் கூடாது. செம்பு ஓர் உலோகம்; எந்த நுண்ணுயிராலும் அதை அழிக்க முடியாது; குழியில் தங்கிக் காளானையே கொல்லும். அந்த நீரை அடுத்த முறை போர்டோ காய்ச்சவே பயன்படுத்திவிடலாம். எல்லா மருந்துகளும் சுண்ணாம்புக்கு இணங்குவனவும் அல்ல. மாமரத்துத் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் இமிடாகுளோப்ரிட் காரத்தில் எளிதில் உடையாது. அதற்குக் குழியின் காளானையே நம்ப வேண்டும், காலமும் கூடுதலாகும். இடுக்கியின் மழையைத் தாங்கக் குழிக்கு மேல் கூரை இன்றியமையாதது. இல்லாவிடில் ஜூன் மாத முதல் வாரமே குழியைக் கழுவி ஓடையில் சேர்த்துவிடும். முதலமடையில் பிரச்சினை நேர் மாறானது. மருந்தடிக்கும் மாதங்கள் வறண்டவை, குழி காய்ந்துவிடாமல் நனைத்து வைக்க வேண்டும்.

மருந்தையே நிறுத்திவிட்டால் இவையெல்லாம் வேண்டியதில்லை என்று ஒரு சாரார் கூறுவர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. 2020-ஆம் ஆண்டு மத்திய அரசு தடை செய்யக் கருதி வெளியிட்ட வரைவில் 27 மருந்துகளின் பெயர்கள் இருந்தன. குவினால்ஃபாஸும் குளோர்பைரிஃபாஸும் அவற்றில் அடங்கும். 2025-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் குளோர்பைரிஃபாஸைச் சில விலக்குகளுடன் ஒழிக்கப்பட வேண்டியவற்றில் சேர்த்துள்ளன. ஆனால் ஒரு மருந்து போனால் அதன் இடத்தில் மற்றொன்று வருவதை நாம் கண்டிருக்கிறோம். எந்த மருந்து வந்தாலும் தெளிப்பானைக் கழுவத்தான் வேண்டும்.

இன்னொரு மறுப்பு கனமானது. வயலிலிருந்து மழையில் அரித்து வரும் மருந்தை இக்குழி தடுக்காதே என்பர். தடுக்காது. ஐரோப்பாவின் சில நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் ஆற்றை அடைந்த பூச்சிக்கொல்லியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு மருந்து கலக்கும் இடத்திலிருந்தும் கழுவும் இடத்திலிருந்தும் வந்ததாக ஆய்வாளர் கண்டனர். நம் செங்குத்துச் சரிவுகளிலும் பெருமழையிலும் அந்த விகிதம் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் மொத்தத்தில் எந்தப் பங்கைக் குறைந்த செலவில், இன்றே, ஒரு மனிதன் தன் கையால் தடுக்க முடியுமோ அந்தப் பங்கிலிருந்து தொடங்குவதே முறை. தொழிலாளரின் நிலையையும் எண்ண வேண்டும். ஓடையில் இறங்கிப் பீப்பாயைக் கழுவுகிறவர், அதே ஓடையில் கை கால் கழுவி, அதன் கீழ்ப்பகுதியில் குடத்தில் நீர் மொள்ளும் குடியிருப்பைச் சேர்ந்தவர். ஏலக்காயில் மருந்தின் எச்சம் இருந்தால் வெளிநாட்டு வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். ஆகவே காயைச் சோதிக்க ஆள் உண்டு. ஓடை நீருக்கு அப்படித் திருப்பி அனுப்பும் வாங்குபவர் இல்லை.

ஏலத்துக்கென்றே பாம்பாடும்பாறையில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும், மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் நிறுவனமும் இருக்கின்றன. வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியில் பூச்சிக்கொல்லி எச்சங்களை அளக்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. இவ்விரு நிலையங்களின் தோட்டங்களிலும், முதலமடையில் இசைந்து வரும் ஒரு தோப்பிலும், கூரையிட்ட குழிகளை அமைத்து ஓராண்டு முழுவதும் நடத்திப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு மட்டும், குழி மட்டும், இரண்டும் இணைந்தது என மூன்று வகையையும் அருகருகே வைக்க வேண்டும். குழியின் அடியில் வடியும் நீரில் தாய்ப் பொருளை மட்டுமன்றி, பிளவில் பிறந்த பொருள்களையும் அளக்க வேண்டும். நீர்வாழ் உயிர்களை அதில் விட்டுப் பார்க்க வேண்டும். முடிவுகள் நல்லனவாயினும் அல்லவாயினும், மலையாளத்திலும் தமிழிலும் அச்சிட்டுத் தோட்டக்காரரிடமும், ஜீப்பில் வந்து இறங்குகிறவரிடமும் கொடுக்க வேண்டும்.

புதிதாக நிரப்பிய குழி, மருந்து நீரை ஏற்கும் பக்குவம் அடைய ஆறு முதல் எட்டு வாரங்கள் மக்க வேண்டும். முதலமடையில் மார்கழி மாதத்துப் பூவுக்கு மருந்து அடிப்பதற்குள் குழி தயாராக வேண்டுமானால், நார்க்கழிவைக் கழுவிக் காளானிடும் வேலையைப் புரட்டாசியிலேயே தொடங்கியாக வேண்டும்.